கணக்கை முடித்துவிட்டுத்தான் இயற்பியலா?

கேள்வி: ஐயா, நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு முடித்திருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேர்ந்து, பிறகு கோட்பாட்டு இயற்பியல் பக்கம் போக ஆசை. சீனியர் அண்ணா ஒருவர், “ரியல் அனாலிசிஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், குரூப் தியரி, டோப்பாலஜி எல்லாம் முடிக்காமல் இயற்பியலைத் தொடாதே” என்கிறார். தோழிகளோ, “டெரிவேஷனை மனப்பாடம் பண்ணு, மார்க் வந்துவிடும்” என்கிறார்கள். அண்ணா பேச்சைக் கேட்டு ரியல் அனாலிசிஸ் ஆரம்பித்தேன். இருபது நாளில் பதினெட்டுப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. எதை முதலில் படிக்க வேண்டும், எதைப் பிறகு? விருப்பப் பாடமாக எதை எடுக்கலாம்? சார்பியல் கோட்பாட்டை எப்போது தொடலாம்? கணக்கும் பிடிப்பதால், துறையைத் தப்பாக எடுத்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது.
— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் பழகிய வாயம்மா, ‘நீங்கள்’ வராது. ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதினெட்டுப் பக்கம். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ரியல் அனாலிசிஸை ஒழுங்காகப் படிக்கிறவர்கள் அந்த வேகத்தில்தான் போவார்கள். நாளைக்கு முப்பது பக்கம் முடிக்கிறேன் என்று ஒரு பையன் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் அந்தப் புத்தகத்தை மூடி வை. இரண்டு வருஷம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் என்று சொல்கிறேன். 1807-ல் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர், உலோகத்தில் சூடு எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டார். எந்த வடிவத்தையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்றார். லக்ராஞ்சே போன்ற பெரிய கணித மேதைகளே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டல் எப்போது உண்மையில் ஒருங்கும், அதாவது அந்த வடிவத்தையே தரும் என்பதற்கு டிரிஷ்லே என்ற கணித அறிஞர் சரியான நிரூபணம் கொடுத்தது 1829-ல். இடையில் இருபத்திரண்டு வருஷம். ரியல் அனாலிசிஸ் என்று நாம் இன்று படிப்பதில் ஒரு பெரும் பகுதி இப்படி, முதலில் பயன்படுத்திவிட்டுப் பிறகு ‘இது ஏன் சரி?’ என்று கேட்டதில் வளர்ந்ததுதான். ஃபூரியே தொடரோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டினவளுக்கு அந்தப் புத்தகத்தின் கேள்விகள் தன் கேள்விகளாகவே தெரியும். இப்போது உனக்கு அவை யாரோ கேட்ட கேள்விகள். அதனால்தான் பக்கம் நகரவில்லை.

உன் அண்ணா சொன்ன வரிசை கணிதத் துறை மாணவருக்கு நல்ல வரிசை. தோழிகள் சொன்னது பருவத் தேர்வுக்குச் செல்லும், அதைத் தாண்டிச் செல்லாது. நீ தஞ்சாவூர்ப் பெண், நாற்றங்காலைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாற்று இல்லாமல் நடவு இல்லை. ஆனால் நாற்றை நாற்றங்காலிலேயே வைத்திருந்தால் முற்றிப்போகும், பிறகு நட்டாலும் தூர் கட்டாது. கணக்கும் அப்படித்தான். இயற்பியலுக்கு ஒரு மாதம் முன்னால் விதைத்துவிடு, உடனே பிடுங்கி நடு. நான் சொல்லப்போகும் வரிசை முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் போகிறது.

இந்த விடுமுறையில் இரண்டே இரண்டு விஷயம்: கலப்பெண்களும், மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளும். பரணில் பிளஸ் டூ கணக்குப் புத்தகம் கிடந்தால் இறக்கு. கலப்பெண், அணிகள், வெக்டர், பகுதி வகைக்கெழு, முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் அதிலேயே இருக்கிறது. தமிழில் படித்தவள் என்று நீ தயங்கத் தேவையில்லை. அணிக்கோவைதான் டிட்டர்மினன்ட், தொகையீடுதான் இன்டக்ரல். பெயர் மாற்றத்துக்குப் பயந்து, தெரிந்ததையே தெரியாதது என்று நினைத்துக்கொண்ட பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு இந்தச் சொற்களை எழுதி வை, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இரண்டாம் வரிசைச் சமன்பாடு எதற்கு? சுருள்வில்லில் தொங்கும் எடையை எடுத்துக்கொள். எடையின் முடுக்கம், வில் இழுக்கும் விசை, காற்றின் தடை என மூன்று உறுப்பு. ஆய்வகத்தில் எல்.சி.ஆர். சுற்று வைத்து, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்னோட்டத்தை அளந்து, வரைபடத் தாளில் கோபுரம் மாதிரி ஒரு வளைகோடு போடச் சொல்வார்களே, அதற்கும் அதே சமன்பாடுதான். நிறை இருந்த இடத்தில் மின்தூண்டி, உராய்வு இருந்த இடத்தில் மின்தடை, வில் இருந்த இடத்தில் மின்தேக்கி. ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு கையெழுத்து வாங்கின பெரும்பாலானோருக்கு, இயக்கவியலில் படித்த வில்லைத்தான் மறுபடி அளக்கிறோம் என்பதே தெரியாது. சமன்பாட்டைக் கையால் தீர்த்துப் பார். தடை சிறியதாக இருந்தால் மூலங்கள் கலப்பெண்களாக வரும். அந்தக் கற்பனைப் பகுதிதான் ஆட்டத்தின் அதிர்வெண், மெய்ப்பகுதி ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது. கலப்பெண் எதற்கென்று பிளஸ் டூவில் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்குத்தான்.

அடுத்த பருவத்தில் வெக்டர் நுண்கணிதமும் மின்காந்தவியலும். இரண்டையும் ஒன்றாகவே படி, கூடினால் வெக்டர் இரண்டு வாரம் முன்னால் போகட்டும். ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு விரிந்து வெளியேறுகிறது என்பது டைவர்ஜென்ஸ், எவ்வளவு சுழல்கிறது என்பது கர்ல். தனியாகப் படித்தால் அவை வெறும் சூத்திரங்கள். ஒரு புள்ளி மின்னூட்டத்தை வைத்துப் பார்த்தால் உயிர் வந்துவிடும். புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதைச் சுற்றிக் கற்பனையாக ஒரு கோளம் வரைந்தால் அதன் பரப்பு தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் தூரமே மறைந்துவிடுகிறது. கோளம் சிறிதோ பெரிதோ, அதன் பரப்பைத் தாண்டி வெளியேறும் மொத்தப் புலம், அதாவது பாயம், ஒன்றுதான். காஸ் விதி அவ்வளவுதான். இப்போது அதே புலத்துக்கு டைவர்ஜென்ஸ் கணக்குப் போடு. பூஜ்யம் வரும். எங்கே போட்டாலும் பூஜ்யம். அப்படியானால் கோளத்திலிருந்து பாயம் எப்படி வெளியே வருகிறது?

இந்த இடத்தில் ஒரு நாள் மாட்டிக்கொண்டு தவி. விடையை இணையத்தில் தேடாதே. சூத்திரம் ஒரே ஒரு புள்ளியில் செல்லாது என்று நீயே கண்டுபிடிப்பாய். அந்தப் புள்ளியில்தான் மின்னூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே புள்ளியில் எல்லாம் குவிந்திருப்பதை எழுதும் டிராக் டெல்டா என்று பின்னால் ஒன்று வரும்போது உனக்கு அது புது ஆளாக இருக்காது.

வெப்ப இயக்கவியலில் பகுதி வகைக்கெழு. இதைப் பலர் சுலபம் என்று தாண்டிவிடுவார்கள், அங்கேதான் சறுக்குவார்கள். எழுதும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு எழுத்து போடுவார்களே, எது மாறாமல் இருக்கிறது என்பதற்கு, சோம்பல்பட்டு அதை விட்டுவிடுவார்கள். ஆர்கான் மாதிரி ஓரணு வாயு ஒரு மோல் எடுத்துக்கொள். கொள்ளளவு மாறாமல் ஒரு கெல்வின் சூடாக்க ஏறத்தாழ 12.5 ஜூல் வேண்டும். அழுத்தம் மாறாமல் சூடாக்கினால் 20.8 ஜூல். அந்தச் சின்ன எழுத்தின் விலை எட்டு ஜூலுக்கு மேல். வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளச் செலவாவது அது. இதை ஒரு தடவை எண்ணாகப் பார்த்துவிட்டால் ஓரத்து எழுத்தை எந்த ஜென்மத்திலும் விடமாட்டாய்.

இனி குவாண்டம். இதற்கு முன்னால் லீனியர் ஆல்ஜீப்ரா கட்டாயம். மற்றதில் முன்னே பின்னே ஆனால் சமாளிக்கலாம், இதில் முடியாது. நான் பட்ட அவமானத்தைச் சொன்னால் உனக்குப் பதியும்.

எங்கள் காலத்தில் குவாண்டம் என்றாலே ஷ்ரோடிங்கர் சமன்பாடு, பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் அணு. அணிகளைப் பற்றி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், “பாலி அணி ஒன்று எழுதப்பா” என்றார். சந்தோஷமாகக் கரும்பலகையில் எழுதினேன்: முதல் வரிசையில் பூஜ்யம், ஒன்று, இரண்டாம் வரிசையில் ஒன்று, பூஜ்யம். “இதற்கு ஐகென் வெக்டர் என்ன?” என்றார். நான் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். அவர் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஹைட்ரஜன் அணுவை நாலு பக்கத்துக்கு மனப்பாடமாக எழுதத் தெரிந்த எனக்கு, அந்த நாலு எண்ணை வைத்து ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நீ இப்போதே ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பார். அணியால் பெருக்கினாலும் ஒரு எண் மடங்காக மட்டும் மாறும் வெக்டர்தான் ஐகென் வெக்டர், அந்த எண்தான் ஐகென் மதிப்பு. அந்த அணியால் (1, 1) என்ற வெக்டரைப் பெருக்கு. அதே (1, 1) திரும்பி வரும். (1, −1) என்பதைப் பெருக்கு. (−1, 1) வரும், அதாவது அதே வெக்டர், குறி மட்டும் மாறி. ஆக ஐகென் மதிப்புகள் +1, −1. ஒரு நிமிஷ வேலை. ஆனால் இதற்குள் என்ன இருக்கிறது பார்: எலக்ட்ரானின் சுழற்சியை ஒரு திசையில் அளந்தால் இரண்டே விடைதான் வரும், நடுவில் எதுவும் வராது. அந்த இரண்டு விடைதான் இந்த இரண்டு மதிப்பு. இன்னொரு பாலி அணி இருக்கிறது, மூலைவிட்டத்தில் 1, −1, மற்ற இடத்தில் பூஜ்யம். இரண்டையும் பெருக்கு. பிறகு இடம் மாற்றிப் பெருக்கு. குறி தலைகீழாகும். எதை முதலில் அளக்கிறோம் என்பது விடையை மாற்றும் என்று குவாண்டம் சொல்வது இந்தக் குறியில்தான் ஒளிந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1925 ஜூனில் ஹைசன்பெர்க் என்ற ஜெர்மன் இயற்பியலாளர், மகரந்த ஒவ்வாமையால் மூக்கடைத்து, ஹெலிகோலாண்ட் தீவுக்குப் போய் உட்கார்ந்து இந்தக் குவாண்டம் கணக்கைத் தொடங்கினார். வயது 23. இரண்டு அளவுகளை இடம் மாற்றிப் பெருக்கினால் விடை மாறுகிறதே என்று அவருக்கே சங்கடம். அவருக்கு அணிகள் தெரியாது. ஊர் திரும்பிக் கட்டுரையைத் தன் பேராசிரியர் மாக்ஸ் போர்னிடம் கொடுத்தார். போர்ன் மாணவப் பருவத்தில் பிரெஸ்லவில் அணிகள் படித்தவர். சில நாள் மண்டையைக் குடைந்து, அட, இது அணிப் பெருக்கல் அல்லவா என்று கண்டுகொண்டார். அணி தெரியாமலும் ஹைசன்பெர்க் சாதித்தாரே என்று நீ என்னைக் கேட்கலாம். கேள். ஆனால் உன் பக்கத்து அறையில் ஒரு போர்ன் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு கேள்.

ஆகவே நான்காம் பருவத்திலேயே லீனியர் ஆல்ஜீப்ராவை முடித்துவிடு. வெக்டர் வெளி, அடித்தளம், ஐகென் மதிப்பு, ஹெர்மிஷியன் அணி, மூலைவிட்டமாக்கல், இவ்வளவு போதும். எம்.ஐ.டி.யின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மெதுவான, தெளிவான ஆங்கிலம். குவாண்டத்துக்கும் இயக்கவியலுக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்.பி.டெல் இணையதளத்தில் இருக்கின்றன. முதல் தடவை கேட்கும்போது பாதிதான் புரியும். விட்டுவிடாமல் கேள். ஒன்று மட்டும்: பார்ப்பது படிப்பதாகாது. ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் பேனாவோடு உட்கார வேண்டும்.

ஃபூரியே தொடர் நான்காம் பருவ விடுமுறைக்கு. நிகழ்தகவு பிளஸ் டூவில் படித்ததே இப்போதைக்குப் போதும், புள்ளியியல் இயற்பியல் தொடங்கும் வாரம் தூசு தட்டிக்கொள். குரூப் தியரி எம்.எஸ்சி.யில். டோப்பாலஜி உன்னைத் தேடி வரும்போது வரட்டும்.

நான் ஏதோ என் இஷ்டத்துக்கு வெட்டுகிறேன் என்று உன் அண்ணா சொல்லலாம். ஜாம் இயற்பியல் தாளின் பாடத்திட்டத்தில் கணித முறைகள் என்ற பகுதியை அவருக்கே காட்டு. பகுதி வகைக்கெழு, டெய்லர் விரிவு, ஃபூரியே தொடர், வெக்டர் நுண்கணிதத்தோடு காஸ், கிரீன், ஸ்டோக்ஸ் தேற்றங்கள், முதல் வரிசைச் சமன்பாடுகள், மாறிலிக் கெழுவுள்ள இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள், அணிகள், கலப்பெண்கள். அங்கே ரியல் அனாலிசிஸ் இல்லை, குரூப் தியரி இல்லை. தோழிகளுக்கும் அந்தத் தாளையே காட்டு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். டெரிவேஷன் எழுத ஒரு வரி இடம் கிடையாது. 20 கேள்விக்கு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதிகூட இல்லை, எண்ணை நீயே கணக்கிட்டுத் தட்ட வேண்டும். மனப்பாடம் அந்த அறை வாசலோடு நின்றுவிடும்.

விருப்பப் பாடத்துக்குக் கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் வேறு. பொதுவாகச் சொல்கிறேன்: கணித முறைகள் என்றோ எண்சார் முறைகள் என்றோ ஒன்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. சுலபமாக மார்க் வரும் என்று சீனியர்கள் கைகாட்டும் பாடத்தை எடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் வந்து அழுதவர்கள் என் அறையில் நிறைய. யார் நடத்துகிறார் என்றும் விசாரி. நல்ல ஆசிரியர் நடத்தும் சுமாரான பாடம், நடத்தாமலே விடப்படும் நல்ல பாடத்தைவிட மேல்.

சார்பியலுக்கு ஏன் காத்திருக்கிறாய்? சிறப்புச் சார்பியலுக்கு வர்க்கமூலமும் கொஞ்சம் இயற்கணிதமும் போதும். இந்த விடுமுறையிலேயே மாலை நேரத்தில் படி. பொதுச் சார்பியல் வேறு கதை. 1912-ல் ஐன்ஸ்டீனே அதற்கு வேண்டிய வடிவியல் தெரியாமல், கூடப் படித்த மார்செல் கிராஸ்மனிடம் போய் உதவி கேட்டார். சமன்பாடுகள் இறுதி வடிவம் பெற்றது 1915 நவம்பரில். அவருக்கே மூன்று வருஷம் பிடித்த இடத்தில் நீ எம்.எஸ்சி. வரை பொறுக்கலாம்.

கடைசியாக, துறையைத் தப்பாக எடுத்துவிட்டேனோ என்ற கேள்வி. சென்னை மாநிலக் கல்லூரியில் இதே குழப்பத்தோடு ஒரு பையன் சேர்ந்தான். ராமானுஜன் மேல் இருந்த மதிப்பில் அவனுக்குக் கணிதம் படிக்க ஆசை, அப்பாவுக்கு இயற்பியலில் இஷ்டம். இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தான், கணித ஆசையையும் விடவில்லை. 1928-ல் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்டு என்ற பெரிய இயற்பியலாளர் சென்னைக்கு வந்தபோது தேடிப் போய்ப் பார்த்தான். நீ படித்து வைத்திருக்கும் குவாண்டம் பழையதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அச்சுக்குப் போகவிருந்த தன் புதுக் கட்டுரையின் படியைக் கையில் கொடுத்தார் அவர். பையன் சோர்ந்து போகாமல் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, மாணவனாக இருந்தபோதே ராயல் சொசைட்டியின் இதழில் சொந்தக் கட்டுரை வெளியிட்டான். சுப்ரமணியன் சந்திரசேகர்தான் அது. கணக்கு பிடிப்பது இயற்பியல்காரிக்கு நோய் இல்லை.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சோதனை. இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்று நீயாக நிரூபிக்கப் பார். நிரூபணம் கிடைத்த சந்தோஷமே போதும், இது எதற்குப் பயன்படும் என்ற நினைப்பே எழவில்லை என்றால், மூன்றாம் ஆண்டில் எனக்கு மறுபடி எழுது, பேசலாம்.

இப்போதைக்கு விடுமுறை வேலை. ஒரு மீட்டர் நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடு. கொஞ்சமாக இழுத்துவிட்டு இருபது ஆட்டம் எண்ணு, கைபேசியில் நேரம் பார். நாற்பது விநாடிக்குப் பக்கத்தில் வரும். சமன்பாட்டைத் தீர்த்தாலும் அதுவே வரும். பிறகு அறுபது டிகிரிக்கு இழுத்துவிட்டு முதல் ஐந்து ஆட்டத்தை மட்டும் எண்ணு. பத்து விநாடியில் முடிய வேண்டியது, அரை விநாடிக்கு மேல் கூடுதலாக எடுக்கும். சமன்பாட்டில் எந்த வரியில் நாம் ஏமாற்றினோம் என்று கண்டுபிடித்து, கணக்கோடு எழுதி அனுப்பு.